காய வேண்டிய வரிசை

கொலை நடந்த இடம் ஒரு கண்ணாடிக் கூடம். செத்தவர்களை எண்ண முடியாது, கோடிக்கணக்கில் போயிருக்கிறார்கள். கண்ணால் பார்க்கவும் முடியாது. அவர்களுக்காக உலகத்தில் ஒரே ஒரு பெண்தான் கண் கலங்கினாள். அவளோ, அவர்கள் உயிரோடு இருந்த காலத்தில் அவர்களிடம் இரண்டு முறை தோற்று, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதவள்.

செத்தது கிருமி. நெல் இலையின் நுனியில் நுழைந்து, ஓரத்தோடு ஓரமாக இறங்கி, பச்சைப் பயிரை வைக்கோலாக்கிவிடும் பாக்டீரியா. இலைக்கருகல் நோய் என்று விவசாயிகள் தலையில் கைவைப்பது இந்த மகானால்தான்.

அழுதவள், அந்த நோய்க்கு அடங்காத நெல்லை உருவாக்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி. ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர். காரணம் உண்டு. நோயை எதிர்க்கும் மூன்று ஜீன்களை ஒரே நெல்லுக்குள், ஒரே கதவுக்கு மூன்று பூட்டுப் போடுவதுபோலப் போட்டு வைத்திருந்தாள். அதில் ஒன்று காட்டு நெல்லிலிருந்து வந்தது. பூவுக்குப் பூ மகரந்தம் தூவி, பேரன் பேத்தி எடுத்து, வேண்டாத குணங்களையெல்லாம் கழித்துக்கட்டிக் கொண்டுவந்த ஜீன். இன்னொன்று வீம்பு பிடித்தது. தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலிருந்தும் வந்தால்தான் வேலை செய்யும். ஒரு வழியில் மட்டும் வந்தால், அழைப்பிதழில் பெயர் போடாத சித்தப்பா மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு விரலைக்கூட அசைக்காது.

மூன்றும் உள்ளே இருக்கின்றன என்று பரிசோதனைக் கூடத்து இயந்திரம் சொல்லிவிட்டது. ஆனால் இயந்திரம் சொன்னால் போதாது. திருடன் வந்து ஆட்டிப் பார்க்க வேண்டும்.

திருடன் அவள் வீட்டிலேயே இருந்தான்.

அவள் புருஷன் அதே நிலையத்தில் பயிர் நோய் நிபுணன். ஊர் ஊராகப் போய்க் கருகிய இலைகளைப் பொறுக்கி வந்து, அதிலிருக்கும் கிருமிகளில் படு போக்கிரியாகப் பார்த்துச் சோறு போட்டு வளர்ப்பவன். அவள் உருவாக்கும் நெல்லின்மேல் அவற்றை ஏவிவிடுவது அவன் உத்தியோகம். அவள் பூட்டுக்காரி என்றால் அவன் திருடன். இதுவரை இரண்டு ஆட்டம் நடந்து, இரண்டிலும் திருடனுக்கே வெற்றி. மூன்றாவது ஆட்டத்தில்தான் கொலை விழுந்தது.

*

ரகத் தேர்வுக் குழு மறுநாள் காலை வருவதாக இருந்தது. கூடத்தின் முன்வாசலில் இயக்குநர் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார். நிலையத்தில் அவருக்குப் பெயரே ரிப்பன். புதுக் கழிப்பறைக்கும் ரிப்பன் வெட்டியவர். இதற்கென்றே தங்க முலாம் பூசிய கத்திரி ஒன்றை வெல்வெட் பெட்டியில் வைத்திருந்தார்.

“வாம்மா, உள்ள வந்து பாரு. கண்ணு பட்டுடும் போ, அப்படி இருக்கு!”

பூட்டுக்காரி தயங்கினாள். நிலையத்தில் ஒரு விதி உண்டு. கிருமித் தண்ணீரில் முக்கிய கத்திரியால் இலை நுனியை வெட்டிக் கிருமி ஏற்றும்போது நெல்லைப் பெற்றவள் அந்தக் கத்திரியைத் தொடக்கூடாது; முடிவு பார்க்கும் நாள் வரை கூடத்துக்குள்ளும் வரக்கூடாது. பெற்ற பாசத்தில் ஏதாவது செய்துவிடுவாள் என்ற பயம். “முடிவு நாளைக்குத்தானே, ஒரு நாள்ல என்ன வந்துடப் போகுது” என்று ரிப்பன் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப்போனார்.

உள்ளே போனாள். பச்சை. மேசை மேசையாக, தொட்டி தொட்டியாக, அவளுடைய ஆறு ரகங்களும் பச்சைப் பசேலென்று நின்றன. கத்திரித்த நுனியில் மட்டும் லேசான பழுப்பு. அதிலும் ‘மயில்’ என்று அவள் செல்லப் பெயர் வைத்த ரகம், தோகை விரித்து நின்றது.

ஜெயித்துவிட்டாள்! திருடனை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்!

அடுத்த நொடி சுவரோரம் பார்த்தாள்.

சுவரோரம் இருந்தது பலியாட்டு வரிசை. எந்த ஜீனும் எந்தப் பூட்டும் இல்லாத அப்பாவிப் பழைய ரகம். அந்த நெல் காய்வதற்கென்றே வைக்கப்படுவது. அது காய்ந்தால்தான் கிருமி உயிரோடு இருந்தது என்று அர்த்தம். பலியாடு துள்ளி விளையாடினால், வெட்டவே இல்லை என்று அர்த்தம்.

பலியாடு பச்சையாக இருந்தது. கொழுகொழுவென்று.

“சார்... பலியாடு காயல.”

“அதுக்கென்ன? அதுக்கும் வாழணும்னு ஆசை இருக்காதா?”

“சார், அது காயலன்னா இந்தப் பரிசோதனையே செல்லாது. என் நெல்லு ஜெயிக்கல. சண்டையே நடக்கல!”

ரிப்பன் முகத்தில் சின்னச் சுருக்கம் விழுந்தது. அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். போவதற்குள் ஒரு நெல் ரகம் அவர் காலத்தில் வெளிவந்தாக வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரும்மா. இந்தத் தடவையும் இல்லைன்னா, இந்தக் கூடத்தைப் பூச்செடிப் பிரிவுக்குக் கொடுக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு. உன் நெல்லை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு ரோஜா வைப்பாங்க. நீயும் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்து. அந்த நாலு தொட்டியத் தூக்கிடவா? யாருக்குத் தெரியப் போகுது?”

அவள் வாசலை நோக்கித் திரும்பினாள். கிருமியைக் கொன்றவன் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

*

நிலையத்தில் அவள் புருஷனை ‘நீங்க’ என்பாள். வீட்டில் ‘நீ’. கோபம் வந்தால் மூன்றாவதாக ஒன்று உண்டு.

“டேய்!”

ஆய்வகத்தில் குடுவையைக் குலுக்கிக்கொண்டிருந்த திருடன் குடுவையோடு எழுந்து நின்றான். வலது மணிக்கட்டில் கட்டு. குளியலறையில் வழுக்கியது, இப்போதுதான் கொஞ்சம் தேவலை.

“எனக்கு விட்டுக்கொடுத்தியா?”

“என்னத்த?”

“அன்னிக்குச் சாப்பிடும்போது என்ன சொன்ன? ‘இந்தத் தடவை என் கிருமி தோத்துட்டா நல்லாருக்கும்’னு சொன்னியா இல்லையா? பாவம் பொண்டாட்டி, ரெண்டு தடவை அழுதுட்டா, இந்தத் தடவை பச்சத் தண்ணியில முக்கி வெட்டிடுவோம்னு...”

“ஏய், நிறுத்து. என்னைத் திட்டு, கேட்டுக்கறேன். என் கிருமியத் தண்ணின்னு சொல்லாத.” அவன் குரலில் உண்மையாகவே வலி. “என் உசுரக் கேளு, தர்றேன். ஆனா செத்த கிருமிய ஏத்தி, வேலையில ஏமாத்த மாட்டேன். அது உனக்கே தெரியும்.”

தெரியும்தான். அதனால்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். இருந்தாலும் கோபத்தை உடனே கீழே வைக்க முடியவில்லை.

“அப்போ பலியாடு ஏன் காயல?”

“காயலயா? நான் தினம் பாக்கறேனே, மொத ஆளா காஞ்சது அதுதானே!”

“பொய்!”

“வா, காட்டறேன்.”

ஆய்வகத்திலிருந்து கூடத்துக்கு ஒரு பின்கதவு உண்டு. திறந்தால் மற்ற மேசைகளை மறைத்துக்கொண்டு பெரிய தண்ணீர்த் தொட்டி. அதற்கும் கதவுக்கும் நடுவே ஒரே ஒரு மேசை. கட்டுப் போட்ட கையோடு ஈரத்தரையில் இன்னொரு முறை வழுக்க விரும்பாத திருடன், தினமும் கதவிலேயே நின்று அந்த மேசையைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போயிருக்கிறான்.

அந்த மேசையில் பலியாடு நுனி முதல் அடி வரை கருகிக் கிடந்தது. வைக்கோல். மாட்டுக்குப் போட்டால் சாப்பிட்டுவிடும்.

அதன் பக்கத்தில் அவளுடைய ரகம் ஒன்று. இலை நுனியில் நகக்கண் அளவு கருகல். அதற்குக் கீழே கோடு போட்டு நிறுத்தியதுபோலப் பச்சை.

அவள் அந்த இலையை விரலால் தடவினாள். இது உண்மை. இங்கே சண்டை நடந்திருக்கிறது. கிருமி உள்ளே நுழைந்து, பூட்டை ஆட்டிப் பார்த்து, முடியாமல் நின்றிருக்கிறது.

“ஒரே குடுவை, ஒரே கிருமி,” என்றான் திருடன். “இந்த மேசையில கொன்னுருக்கு. மத்த மேசையில அதுவே செத்துருக்கு. அப்போ குடுவைக்கும் இலைக்கும் நடுவுலதான் எவனோ...”

அவள் ஏற்கெனவே மேசைக்கடியில் குனிந்திருந்தாள். ஒரு காகிதப் பை. பையின் வாயை மூன்று மடிப்பாக மடித்துப் பின் குத்தியிருந்தது. பிரித்தாள். உள்ளே பஞ்சு உருண்டைகள், எல்லாம் ஒரே அளவு. அடியில் ஒரு காலி பாட்டில், மூடி இறுக்கமாக. திறந்து முகர்ந்தாள். ஊசி போடுவதற்கு முன் கையில் தடவும் அதே வாசனை. ஸ்பிரிட்.

குப்பையை இத்தனை ஒழுங்காகக் கட்டிவைக்கும் ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்கம்மா,” என்றாள் அவள்.

“எங்கம்மா,” என்றான் அவன், குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறவனைப்போல.

*

நடந்தது இதுதான். கிருமி ஏற்ற வேண்டிய நாளில் வேலையாட்கள் யாரும் வரவில்லை. திருடனின் கையில் கட்டு. விதிப்படி அவள் தொடக்கூடாது. பயிரோ பருவத்தில் நிற்கிறது, காத்திருக்காது. நடுநிலையான ஆள் ஒருவர் வேண்டும் என்றபோது திருடன் தன் தாயைச் சொன்னான். “உங்கம்மா நடுநிலையா?” என்று அவள் அப்போதே கேட்டாள். கை நடுங்காமல் கத்திரி பிடிப்பவர், அறுவை சிகிச்சை அரங்கில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றதும் ஒப்புக்கொண்டாள். கத்திரியைக் குடுவையில் முக்கு, இலை நுனியை வெட்டு, மறுபடி முக்கு. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று திருடன் குடுவையை ஒப்படைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன், தாயின் கைமேல் இருந்த நம்பிக்கையில் தூங்கிப்போனான்.

வீட்டில் மாமியார் கரண்டிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். தினமும் கொதிக்கவைப்பார். சாப்பிட உட்காரும்போது பழுக்கக் காய்ந்த கரண்டி யார் வாயைச் சுட்டாலும் அவருக்குக் கவலை இல்லை.

“அத்தை, அன்னிக்கு நெல்லு வெட்டினீங்களே, எப்படி வெட்டினீங்க?”

“இவன் சொன்ன மாதிரிதான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கலங்கல் தண்ணியில முக்கினேன்.”

“முக்கிட்டு?”

“முக்கிட்டு என்ன முக்கிட்டு? துடைச்சேன், வெட்டினேன்.”

திருடன் சுவரில் சாய்ந்தான். “எதால துடைச்சே?”

“டேய், எதால துடைப்பாங்க? ஸ்பிரிட்லதான். பை நிறைய எடுத்துட்டுப் போயிருந்தேன். ஒரு வெட்டுக்கு ஒரு பஞ்சு.”

“அம்மா! அந்தக் கலங்கல் தண்ணியிலதாம்மா கிருமி இருந்தது! கிருமி இலைக்குள்ள போகணும்னுதானே வெட்டறதே!”

மாமியார் அடுப்பை அணைத்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“கிருமி இருக்குன்னு தெரிஞ்சே, துடைக்காம வெட்டுன்னு பெத்த தாய்கிட்டச் சொல்றியா? சர்வீஸ் பூரா என் கத்திரி பட்டு ஒருத்தருக்கும் சீழ் வச்சதில்ல. பெரிய டாக்டருங்களே என் மேசையில கைய வைக்கப் பயப்படுவாங்க. கடைசி மேசையில ஸ்பிரிட் தீர்ந்து போச்சு. மனசே இல்லாம வெட்டினேன். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு.”

“அந்தக் கடைசி மேசைதான் அத்தை உருப்படியா நடந்தது,” என்றாள் பூட்டுக்காரி. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சுடச்சுட ஒரு கரண்டியைக் கையில் எடுத்து, உடனே கீழே போட்டாள்.

*

சாயங்காலமே அவள் ரிப்பனிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குழுவைத் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டாள். ரிப்பன் பொறுமையாகக் கேட்டார். கடைசி மேசை பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டார். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை குழு வந்தபோது சுவரோரத்துப் பலியாட்டு வரிசை காலி. தொட்டி வைத்த வட்டங்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

குழுவின் தலைவி ஒல்லியான பெண்மணி. கழுத்தில் தாலி மாதிரி ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. மேசை மேசையாக நின்று இலையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“பலியாடு எங்க?”

“இதோ, இந்தப் பக்கம் மேடம்!” ரிப்பன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடினார். “பாருங்க, எப்படிக் கருகியிருக்கு! படு பயங்கரக் கிருமி மேடம்!”

தலைவி கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஸ்கேல் எடுத்து அளந்தார். பக்கத்திலிருந்த அவளுடைய நெல்லையும் அளந்தார். முதன்முறையாகப் புருவம் உயர்ந்தது.

“நல்லாருக்கே! எல்லா மேசையிலயும் இதே கிருமிதானே?”

“சந்தேகமே வேண்டாம் மேடம்,” என்றார் ரிப்பன். அது பொய்யும் இல்லை. கிருமி அதேதான், செத்த விஷயத்தைத்தான் சொல்லவில்லை.

பூட்டுக்காரி வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ரகம் வெளிவரும். கூடம் அவளுக்கே. ரோஜா கிடையாது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்கமாட்டான். இது அவள் ஆட்டம். அவளுக்குக் கண்ணெதிரே ஏதோ ஒரு வயல் வந்தது. இவள் பேச்சை நம்பி விதைத்த ஒருவன், மயிலின் தோகை கருகுவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்கிறான்.

“மேடம், இந்த ஒரு மேசைதான் உண்மை. மத்ததெல்லாம் எங்க அத்தை செஞ்ச கூத்து.”

சொல்லிவிட்டாள். பஞ்சு, ஸ்பிரிட், தூக்கப்பட்ட தொட்டிகள், எல்லாவற்றையும். ரிப்பன் இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

தலைவி பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அப்போ உங்ககிட்ட இருக்கிறது ஒரு மேசை. ஒரு மேசையை வச்சு ஊருக்கெல்லாம் விதை கொடுக்க முடியுமா?”

“முடியாது மேடம்.”

“தெரிஞ்சே ஏன் சொன்னீங்க? பேசாம இருந்திருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன்.”

“என் நெல்லுக்குத் திருடனையே காட்டாம, பூட்டு நல்ல பூட்டுன்னு எப்படி மேடம் சொல்றது?”

தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கிருமி இருக்கா?”

“நேத்து வளர்த்தது மேடம்! செம வெறியில இருக்கு!” திருடன் துள்ளினான்.

“பயிர்ல புது இலை இருக்கு. பலியாட்டுத் தொட்டிங்களைக் கொண்டாங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி வெட்டுங்க. ரெண்டு வாரத்துல நான் திரும்ப வர்றேன். கத்திரி எங்க?”

கத்திரி இல்லை. ஆய்வகத்துக் கத்திரிகளை மாமியார் கொதிக்கவைக்க வீட்டுக்கு எடுத்துப்போயிருந்தார். தலைவியின் கண் மெல்ல ரிப்பன் கையிலிருந்த வெல்வெட் பெட்டிமேல் போய் நின்றது.

“மேடம், அது தங்க முலாம்!”

“கிருமிக்குத் தங்கம்னா அலர்ஜியா?”

“வெட்டறது யாரு?” என்றான் திருடன். அவன் கை இன்னும் முழுசாகத் தேறவில்லை.

“அந்த நர்ஸம்மாவையே கூப்பிடுங்க,” என்றார் தலைவி. “இந்த நிலையத்துலயே நான் நம்பக்கூடிய ஒரே ஆளு. சொன்னதைவிட அதிகமா வேலை செஞ்சிருக்காங்க.”

மாமியார் வந்தார். வாசலிலேயே கைப்பையைப் பறிமுதல் செய்தார்கள். தங்கக் கத்திரியைக் கலங்கல் தண்ணீரில் முக்கினார். சொட்டச் சொட்ட வெளியே எடுத்தார். இடது கை தன்னால் பஞ்சைத் தேடிக் காற்றில் அலைந்தது.

“அத்தை, துடைக்கக்கூடாது.”

“தெரியும்மா, தெரியும்.” மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். “கடவுளே, என்னை மன்னிச்சுடு” என்றபடி முதல் இலையை வெட்டினார். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மன்னிப்பு. கடைசி மேசைக்கு வரும்போது கடவுளுக்கே அலுத்திருக்கும்.

*

இரண்டு வாரம் கழித்து எல்லோரும் கூடத்துக்குள் நுழைந்தார்கள்.

பலியாட்டு வரிசை சுவர் நெடுக வைக்கோலாகிக் கிடந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. பூட்டுக்காரி ஓடிப்போய்த் தன் மேசைகளைப் பார்த்தாள். நகக்கண் அளவு. நகக்கண் அளவு. அடுத்ததும். ஐந்து ரகங்கள் அசையாமல் நின்றன.

மயில் விழுந்துவிட்டது. பாதி இலை வரை கருகித் தோகை தொங்கியது. இருக்கிறதிலேயே அழகானது. வீம்பு பிடித்த ஜீன் அதற்குள் மட்டும் வேலை செய்ய மறுத்துவிட்டது போலிருக்கிறது. அவள் அந்தத் தொட்டி முன்னால் சற்று நேரம் நின்றாள். இதைத்தான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஊருக்கு அனுப்பியிருப்பாள்.

திருடனும் மயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு ஓரம் லேசாகத் துடித்தது.

“சிரிச்சே,” என்றாள் அவள் திரும்பாமலே, “இன்னிக்கு வீட்டுக்குள்ள விடமாட்டேன்.”

“நான் எங்க சிரிச்சேன்? அஞ்சுக்கு ஒண்ணு. ஆறுதல் பரிசு.”

தலைவி ஒவ்வொரு இலையாக அளந்து முடித்தார். “இந்த அஞ்சையும் அடுத்த பருவம் வயல்ல போடலாம். கூடத்துல ரோஜா வைக்கிற பேச்சை நான் பார்த்துக்கறேன்.” பிறகு மாமியாரிடம் திரும்பினார். “கச்சிதமா வெட்டியிருக்கீங்கம்மா. ஒரு பலியாடுகூடப் பிழைக்கல.”

மாமியார் கருகிய வரிசையைப் பார்த்தபடி நின்றார். வாழ்நாளில் சேர்த்த நல்ல பெயர் மொத்தமும் அந்தச் சுவரோரம் காய்ந்து கிடந்தது. பாராட்டு அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

முன்வாசலில் ரிப்பன் காத்திருந்தார். இருமல் நின்றிருந்தது. சிவப்பு நாடா கட்டியாகிவிட்டது. வெல்வெட் பெட்டியைத் திறந்து கத்திரியை வெளியே எடுத்தார்.

“இருங்க,” என்றார் மாமியார்.

கத்திரியை வாங்கிக்கொண்டு கைப்பையைத் திறந்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். கத்திரியை நுனியிலிருந்து பிடி வரை, இரண்டு வாரத்துக் கோபத்தையும் சேர்த்து அழுத்தி அழுத்தித் துடைத்தார். ஒரு பஞ்சு, இரண்டு பஞ்சு, மூன்று. தங்கம் முழுவதும் பஞ்சோடு வந்துவிட்டது. வெறும் இரும்பாகப் பளபளத்த கத்திரியை ரிப்பனிடம் நீட்டினார்.

“இப்ப வெட்டுங்க.”